சாம்பிள் கொயர் மென்பொருள் வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டுக்கோ பின்னணி இசைக்கோ ஒரு கோரஸ் வேண்டும், ஆனால் நாற்பது பேரை ஸ்டுடியோவுக்கு அழைக்க வழியில்லை. அப்போது எல்லோரும் போய் நிற்கும் இடம் சாம்பிள் கொயர் லைப்ரரி. எதை வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரே வரி.

சாம்பிள் கொயர் என்றால் சரியாக என்ன?

ஒரு பாடகர் குழுவை நல்ல அறையில் நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு சுரத்தையும் ‘ஆ’வில், ‘ஊ’வில், ‘ம்’மில், மெதுவாக, பலமாக, நீட்டி, வெட்டி என்று பாடவைத்துப் பதிவு செய்கிறார்கள். அப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான ஒலித்துண்டுகளை ஒரு மென்பொருளில் அடுக்கி, கீபோர்டின் கட்டைகளோடு இணைத்துவிடுகிறார்கள். நீங்கள் கட்டையை அழுத்தினால் அந்தக் குழு பாடிய அந்தச் சுரம் ஒலிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

யோசனை புதிதல்ல. 1960களில் வந்த மெல்லோட்ரான் என்ற கீபோர்டு இதையேதான் நாடாவில் செய்தது. ஒவ்வொரு கட்டைக்கும் தனி நாடா, சுமார் எட்டு நொடி ஓடும், அதற்குமேல் அழுத்திப் பிடித்தாலும் சத்தம் நின்றுவிடும். அதன் கொயர் ஒலியை இன்றும் சிலர் வேண்டுமென்றே தேடிப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ‘கோரஸ்’ என்று தேடினால் கிதாருக்குப் போடும் கோரஸ் எஃபெக்ட்தான் பாதி முடிவுகளில் வரும். அது ஒரே ஒலியைக் கொஞ்சம் தள்ளிப் பிரதியெடுத்து அலைய விடும் எஃபெக்ட், நமக்கு வேண்டியது அதுவல்ல. தேடும்போது ‘கொயர்’ என்றே தேடுங்கள்.

வோக்கலாய்டு, சிந்தசைசர் வி போன்றவையும் பாடுகின்றனவே, அவை போதாதா?

அவை வேறு வகை. யமஹா 2004இல் கொண்டுவந்த வோக்கலாய்டு ஒரு தனிக்குரலின் ஒலித்துண்டுகளை ஒட்டி, நாம் எழுதும் வரியைப் பாடவைக்கிறது. பிறகு வந்த சிந்தசைசர் வி அதை இயந்திரக் கற்றல் கொண்டு இன்னும் இயல்பாக்கியது. சொல் தெளிவாக வரவேண்டும், ஒரு ஆள் பாடுவதுபோல் இருக்க வேண்டும் என்றால் இவையே சரி.

ஆனால் ஒரு தனிக்குரலைப் பதினாறு டிராக்கில் போட்டால் கொயர் ஆகிவிடாது. ஒரு குழு ஒன்றாகப் பாடும்போது ஒவ்வொருவரின் சுருதியும், அதிர்வும், குரல் எழும் நேரமும் மயிரிழை மாறும். எல்லோருடைய குரலும் ஒரே அறையின் காற்றில் கலக்கும். சாம்பிள் கொயருக்குக் காசு கொடுப்பதே அந்தக் கலவைக்குத்தான்.

சரி, முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

உங்கள் இசையில் கொயர் என்ன வேலை செய்யப்போகிறது என்பதை. பிராண்டு பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

நான் பார்த்தவரையில் வேலை நான்கு விதம். ஒன்று, வயலின்களுக்குப் பின்னால் மெத்தைபோல் ‘ஊ’ என்று கிடப்பது. இரண்டு, ஒரு மெட்டை ‘ஆ’வில் பாடுவது. மூன்று, போர்க்காட்சி மாதிரி இடங்களில் ‘டா! ரா! க்யூம்!’ என்று வெட்டுவது. நான்கு, உண்மையான வரிகளைப் பாடுவது. நான்கையும் ஒரே லைப்ரரி செய்யும் என்றுதான் விற்பனைப் பக்கம் சொல்லும். செய்யவும் செய்யும், ஆனால் நன்றாகச் செய்வது ஒன்றையோ இரண்டையோதான்.

கடைசியாக நீங்கள் செய்த ஐந்து இசைத்துண்டுகளை எடுத்துக் கொயர் எங்கெல்லாம் வந்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு வேலையே வரும். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது நல்ல ‘ஆ’வும் ‘ஊ’வும், மெதுவாகப் பாடும்போது காற்றோடு வரும் ஒலியும், சுரத்திலிருந்து சுரத்துக்கு அறுபடாமல் போகும் லெகாட்டோவும். சொல் சேர்க்கும் வசதிக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஆனால் சொற்களைத் தட்டச்சு செய்தால் பாடும் லைப்ரரி இருக்கிறதே?

இருக்கிறது. ஈஸ்ட்வெஸ்ட் நிறுவனத்தின் சிம்ஃபோனிக் கொயர்ஸிலும், 2018இல் வந்த ஹாலிவுட் கொயர்ஸிலும் வேர்ட்பில்டர் என்ற பகுதி உண்டு. வரியைத் தட்டச்சு செய்தால், அதை மெய்யொலி, உயிரொலி எனப் பிரித்து, நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு நோட்டிலும் ஒரு அசையாகப் பாடும். ஸ்ட்ரெஸோவ் சாம்ப்ளிங் நிறுவனத்தின் வோட்டான் ஆண்களுக்கு, ஃப்ரேயா பெண்களுக்கு. இவற்றில் வேறு அணுகுமுறை: முழுதாகப் பாடிப் பதிவு செய்த அசைகளை நீங்கள் வரிசையாக அடுக்குகிறீர்கள். அசை முழுசாக மனிதவாயிலிருந்து வந்தது என்பதால் ஒட்டுப்போட்ட தடம் குறைவு, ஆனால் அவர்கள் பதிவு செய்த அசைகளுக்குள்தான் உங்கள் ‘மொழி’ அடங்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் வாங்கியதே சொல் பாடும் பெரிய லைப்ரரிதான், பெயர் வேண்டாம். எட்டு அசை கொண்ட ஒரே ஒரு வரிக்கு மூன்று மாலை உட்கார்ந்தேன். மெய்யொலிகளை ஒவ்வொன்றாக நீட்டிக் குறைத்து, சத்தம் கூட்டி, கடைசியில் பெருமையாக நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் முழுசாகக் கேட்டுவிட்டு, “நல்லா இருக்குடா, என்ன, ரஷ்ய மொழியா?” என்றான். வரி தமிழ்.

பின்னணியில் கொயர் என்ன சொல்கிறது என்பது பெரும்பாலும் கேட்பவருக்குப் புரிவதில்லை, உண்மையான கொயராக இருந்தாலும்கூட. ‘ஏதோ சொல்கிறார்கள்’ என்ற உணர்வு போதுமென்றால் நான்கைந்து அசைகளை மாற்றிமாற்றிப் போட்டாலே வேலை முடிந்துவிடும்.

தமிழ் வரிகளைப் பாடவைக்கவே முடியாதா?

ஓரளவு முடியும், ஆனால் எங்கே உடையும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். இந்த லைப்ரரிகள் லத்தீன், ஆங்கிலம் போன்ற மொழிகளை மனத்தில் வைத்துப் பதிவானவை. ‘ழ’ கிடையாது, ‘ள’வும் ‘ண’வும் கிடையாது. ‘மழை’ என்று கேட்டால் ‘மலை’ வரும். ‘பட்டு’, ‘முத்து’ போன்ற சொற்களில் இரட்டை வல்லெழுத்துக்கு நாக்கு ஒரு கணம் ஒட்டி நிற்க வேண்டும், மென்பொருளுக்கு அந்த நிறுத்தம் தெரியாது, நீங்கள்தான் நோட்டுக்கு நடுவே இடைவெளி விட்டு ஏமாற்ற வேண்டும். சொல்லின் முடிவில் வரும் ‘காற்று’, ‘பாட்டு’ மாதிரியான குறுகிய ‘உ’ இருக்கிறதே, அது உதடு குவியாத ஒலி. லைப்ரரியின் ‘ஊ’வைப் போட்டால் ‘பாட்டூ’ என்று அசட்டுத்தனமாகக் கேட்கும்.

ஓடுகிற வழி இது. உயிரில் முடியும் எளிய அசைகளாக வரும் சொற்களைத் தேர்ந்தெடுங்கள். ‘வானமே’, ‘நிலாவே’, ‘வா’, ‘போ’ போன்றவை தேறும். குறில் நெடில் வேறுபாட்டை நோட்டின் நீளத்தாலேயே காட்டிவிடலாம். இல்லாவிட்டால், கொயரை ‘ஆ’விலேயே பாடவிட்டு, அதன்மேல் ஒரு உண்மையான ஆளை வரிகளைப் பாடவையுங்கள். இதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் இன்னும் சொல்கிறேன்.

லெகாட்டோ நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லெகாட்டோ என்றால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குக் குரல் அறுபடாமல் போவது. நல்ல லைப்ரரியில் அந்த ‘போவதையே’ தனியாகப் பதிவு செய்திருப்பார்கள். ‘ஸ’விலிருந்து ‘ரி’க்கு, ‘ஸ’விலிருந்து ‘க’வுக்கு என்று ஒவ்வொரு இடைவெளிக்கும் மேலேயும் கீழேயும் தனித்தனி பதிவு. மலிவான வழி, பழைய நோட்டைக் குறைத்துப் புதிய நோட்டைக் கூட்டுவது மட்டும். அது லெகாட்டோ இல்லை, வெறும் கலப்பு.

சோதிக்க மூன்று விஷயம் கேளுங்கள். பக்கத்து சுரத்துக்கு மெதுவாக நகரும்போது நடுவில் ‘வ்வ’ என்று ஒரு வீக்கம் வருகிறதா? எட்டு சுரம் (ஒரு ஆக்டேவ்) தாண்டிக் குதிக்கும்போது குரல் இயல்பாகச் சறுக்குகிறதா, இல்லை வெட்டுப்படுகிறதா? அதே சுரத்தைத் திரும்பப் பாடும்போது என்ன ஆகிறது? மூன்றாவதில்தான் பலதும் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் ஒரே சுரத்தை இரண்டுமுறை தொடர்ந்து பாடும்போது மனிதர்கள் ஒரு மெய்யெழுத்தோ ஒரு சின்னத் தொண்டை அசைவோ சேர்ப்பார்கள்.

இன்னொன்று, பதிவான லெகாட்டோவுக்கு எப்போதும் சிறு தாமதம் உண்டு. கட்டையை அழுத்திய பிறகுதான் சறுக்கல் தொடங்கும், சேர வேண்டிய சுரத்துக்குச் சேர அதற்கும் சற்று நேரம் பிடிக்கும். குறையென்று நினைக்காதீர்கள். டிராக்கையே கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தால் சரியாகிவிடும்.

டைனமிக் லேயர், ரவுண்ட் ராபின் என்கிறார்களே?

மெதுவாகப் பாடும் குரலின் சத்தத்தைக் கூட்டினால் பலமாகப் பாடும் குரல் ஆகாது, தொண்டையின் நிறமே மாறும். அதனால் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று தனித்தனியே பதிவு செய்து, மாட் வீலை (கீபோர்டில் இருக்கும் மாடுலேஷன் சக்கரம்) ஏற்றும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கலந்து போகவைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு லேயர். நீட்டிப் பாடுவதற்கு இரண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும், மூன்று இருந்தால் நிம்மதி.

ரவுண்ட் ராபின் என்பது ஒரே சுரத்தைப் பலமுறை பாடிப் பதிவு செய்து, ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேறொன்றை ஒலிக்கச் செய்வது. வெட்டிப் பாடும் ஒலிகளுக்கு இது அவசியம். இல்லாவிட்டால் ‘டா டா டா டா’ என்பது துப்பாக்கிச் சத்தமாகிவிடும்.

பெரிய கொயர் வாங்குவதா, சின்னதா?

சந்தேகம் இருந்தால் சின்னது. காரணம் ஒரு எளிய கணக்கு. லைப்ரரியில் சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) பகுதியில் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரு கார்டாக அழுத்தினால் முப்பத்தாறு சோப்ரானோ பாடுகிறார்கள். கீழே ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்), டெனர் (உயர்ந்த ஆண்குரல்), பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) எல்லாவற்றிலும் இப்படியே இரண்டு கைகளாலும் அழுத்தினால் ஒரு மைதானமே பாடும். எல்லாம் கலங்கி, எந்த வரியும் தனியாகக் கேட்காது. உண்மையில் பன்னிரண்டு பேருக்கு மூன்று சுரம் கொடுத்தால் சுரத்துக்கு நான்கு பேராகப் பிரிந்துகொள்வார்கள்.

சின்னக் குழுவாக இருந்தால் இந்தப் பிரச்சினை தானாகக் குறைகிறது, நெருக்கமாகவும் பாடவைக்கலாம். பெரிதாக வேண்டுமென்றால் அடுக்கிப் பெரிதாக்கலாம். பெரிய கொயரைச் சின்னதாக்க மட்டும் வழியே இல்லை.

இதற்கு விதிவிலக்கு, நீங்கள் செய்வதெல்லாம் பிரம்மாண்டமான டிரெய்லர் இசைதான் என்றால். அதற்கென்றே பலத்த குரலில் பதிவான லைப்ரரிகள் உண்டு. பெர்ஃபாமன்ஸ் சாம்பிள்ஸின் ஓஷியானியா அந்த ரகம். ஸ்பிட்ஃபயர் ஆடியோ 2018இல் வெளியிட்ட எரிக் விட்டேக்கர் கொயரோ இதற்கு நேர் எதிர்: மெல்லிய, காற்றோட்டமான, நகரும் ஒலிகள் அதன் பலம். அதை வைத்துப் போர்முழக்கம் செய்யப் பார்ப்பது உங்கள் தவறு, அதன் தவறல்ல.

ஆண், பெண், குழந்தைகள் என்று தனித்தனியாக வாங்க வேண்டுமா?

பல நிறுவனங்கள் அப்படித்தான் விற்கின்றன. சவுண்ட்அயர்னில் ஆண்களுக்கு மார்ஸ், பெண்களுக்கு வீனஸ், சிறுவர்களுக்கு மெர்க்குரி. ஸ்ட்ரெஸோவில் குழந்தைகளுக்கு ஆர்வா. முதலில் ஒன்றுதான் முடியும் என்றால் பெண்கள் குழுவை எடுங்கள் என்பேன். மெட்டும் மெத்தையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், கீழே செல்லோவும் டபுள் பாஸும் ஆண்குரலின் இடத்தைக் கொஞ்சம் நிரப்பிவிடும்.

ஆனால் எழுதும்போது யாருடைய குரல் எங்கே முடிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கொயர் எழுத்தில் வழக்கமான எல்லை, நடு ‘சி’யை சி4 என்று வைத்தால், ஏறத்தாழ இது: சோப்ரானோ சி4 முதல் ஏ5, ஆல்ட்டோ எஃப்3 முதல் டி5, டெனர் சி3 முதல் ஜி4, பாஸ் இ2 முதல் சி4. நடு ‘சி’யைச் சில மென்பொருள்கள் சி4 என்றும் சில சி3 என்றும் எழுதும். ஒரு எட்டு சுரம் தவறிப்போனால் உங்கள் டெனர் திடீரென்று பாஸ் ஆகிவிடுவார், கவனம்.

எல்லைக்குள் இருந்தாலும் எல்லா இடமும் ஒன்றல்ல. பாஸ் பாடகரால் இ2வில் கத்த முடியாது. அங்கே மாட் வீலை முழுக்க ஏற்றினால் மனிதர்களால் முடியாத ஒலி வரும், கேட்பவருக்குக் காரணம் தெரியாமலேயே பொய்யென்று தோன்றும். மேலேயும் ஒரு சங்கதி உண்டு. ‘ஈ’க்கும் ‘ஆ’வுக்கும் வித்தியாசம் தெரிவது வாயறையின் ஒத்ததிர்வுகளால். ‘ஈ’யின் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. சோப்ரானோ ஏ5 பாடும்போது சுரத்தின் அடிப்படை அதிர்வே 880 ஹெர்ட்ஸ். அதனால் அந்த உயரத்தில் எந்த உயிரொலியும் ஏறக்குறைய ‘ஆ’ போலத்தான் கேட்கும். அங்கே போய் ‘ஈ’ தெளிவாக இல்லையே என்று லைப்ரரியைத் திட்ட வேண்டாம்.

மைக் பொசிஷன்கள் நிறைய இருந்தால் நல்லதா?

மூன்று போதும்: நெருக்கம், நடு, தூரம். ஒன்றே ஒன்று இருந்தாலும் மோசமில்லை, அது உங்கள் மற்ற வாத்தியங்களின் அறையோடு ஒத்துப்போனால். உங்கள் வயலின்கள் பெரிய அரங்கில் பதிவானவை, கொயர் மட்டும் காய்ந்த ஸ்டுடியோவில் என்றால் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டு ஒட்டலாம். கொயரில் ஏற்கெனவே ஏழு நொடி தேவாலய எதிரொலி கலந்திருந்தால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. எனவே வாங்கும்போது நெருக்கமான மைக் தனியாகக் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காண்டாக்ட் இல்லாமல் ஓடுமா?

வாங்குவதற்கு முன் இந்த ஒரு வரியை இரண்டுமுறை படியுங்கள். பல லைப்ரரிகளைத் திறந்து வாசிக்க வேண்டிய மென்பொருள் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் காண்டாக்ட். அது இரண்டு வடிவில் இருக்கிறது: காசு கொடுத்து வாங்கும் முழு வடிவம், இலவச பிளேயர். சில லைப்ரரிகள் இலவச பிளேயரிலேயே ஓடும், சிலவற்றுக்கு முழு வடிவம் கட்டாயம். இரண்டாம் வகையை இலவச பிளேயரில் திறந்தால் பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடும். தள்ளுபடியில் லைப்ரரியை வாங்கிவிட்டு, பிறகு அதைத் திறக்க அதைவிட விலையுள்ள மென்பொருள் வேண்டும் என்று தெரிந்துகொண்டவர்கள் ஏராளம்.

ஈஸ்ட்வெஸ்ட்டுக்கு ஓபஸ், ஸ்பிட்ஃபயரின் புதியவற்றுக்கு அவர்களுடைய சொந்த பிளேயர், ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸுக்கு சைன் என்று தனித்தனி பிளேயர்களும் உண்டு, இவற்றுக்குத் தனியாகக் காசு இல்லை.

என் கணினி தாங்குமா?

ரேம் 16 ஜிபி, லைப்ரரியை வைக்க ஒரு எஸ்எஸ்டி. இவை இருந்தால் தொடங்கலாம்.

எஸ்எஸ்டி ஏன் என்று ஒரு கணக்கு. ஒலித்துண்டின் தொடக்கம் மட்டும் ரேமில் இருக்கும், மீதி வட்டிலிருந்து ஓடிக்கொண்டே வரும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ என்றால் ஒரு துண்டுக்கு நொடிக்கு 2,88,000 பைட். நான்கு சுரக் கார்டு, மூன்று மைக், இரண்டு லேயர் கலப்பு: 24 துண்டுகள். முந்தைய கார்டின் வால் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தால் 48. நொடிக்கு ஏறத்தாழ 14 எம்பி. அளவு பெரிதில்லை, பழைய சுழலும் வட்டுகூட இதைவிட வேகமாகப் படிக்கும். ஆனால் 48 வெவ்வேறு இடங்களிலிருந்து மாறிமாறிப் படிக்க வேண்டுமே, அங்கேதான் அதன் முள் திணறி, ‘டக் டக்’ என்று அறுபடுகிறது. எழுதும்போது ஒரே மைக்கை வைத்துக்கொண்டு, கடைசியில் மற்றதைத் திறந்தால் பழைய கணினியும் பிழைத்துக்கொள்ளும்.

இலவசமாக ஏதாவது?

உண்டு, தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும். ஸ்பிட்ஃபயரின் லாப்ஸ் வரிசையில் ஒரு கொயர் வந்திருக்கிறது. ஸ்வரக்குறிப்பு எழுதும் மியூஸ்ஸ்கோரின் நான்காம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தபோது கூடவே மியூஸ் சவுண்ட்ஸ் வந்தது, அதிலும் ஒரு கொயர் இருக்கிறது, மியூஸ்ஸ்கோருக்குள் ஒலிக்கும். காசு செலவழிப்பதற்கு முன் இவற்றில் ஒரு முழு இசைத்துண்டு எழுதி முடியுங்கள். எது போதவில்லை என்று அப்போதுதான் தெரியும், அந்தக் குறைக்கு மருந்தாக வாங்குங்கள்.

டெமோ கேட்டால் எல்லாமே அற்புதமாக இருக்கிறது. எப்படி நம்புவது?

நம்பாதீர்கள். டெமோவில் முரசும் தாரைகளும் அறுபது வயலினும் சேர்ந்து முழங்கும், கொயர் அதன் நடுவே தப்பித்துக்கொள்ளும். அதை எழுதியவரும் கைதேர்ந்தவர், அந்த லைப்ரரிக்கு எது வருமோ அதை மட்டுமே எழுதியிருப்பார்.

எந்த வாத்தியமும் இல்லாமல் கொயர் மட்டும் ஒலிக்கும் பதிவைத் தேடுங்கள். யாராவது உட்கார்ந்து கீபோர்டில் நேரடியாக வாசித்துக் காட்டும் காணொளி இருந்தால் இன்னும் நல்லது. அதில் மெதுவான இடங்களைக் கேளுங்கள், பலத்த இடங்களை அல்ல. பலமாகப் பாடினால் எல்லாக் கொயரும் கம்பீரம்தான். ‘ஊ’ என்று மெதுவாகத் தொடங்கி, நான்கு நொடியில் கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கி அடங்குகிறதே, அந்த இறக்கத்தில் லேயர் மாறும் இடம் காதில் படுகிறதா என்று கவனியுங்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். படவில்லை என்றால் வாங்கலாம்.

எல்லாம் சரியாக வாங்கியும் என் கொயர் ஆர்கன் மாதிரி கேட்கிறது. ஏன்?

இதுதான் அதிகம் வரும் புகார். பத்தில் ஒன்பது முறை குற்றம் லைப்ரரியில் இல்லை, வாசித்த விதத்தில்.

முதலாவது, மூச்சு. ஆர்கனுக்கு மூச்சு வாங்காது, பாடகருக்கு வாங்கும். நான்கு கார்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி நீட்டாமல், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அரை பீட் விடுங்கள். விடுவதற்குச் சற்று முன் மாட் வீலையும் தழையுங்கள். ‘நிஜக் கொயரும் முடிவில்லாமல் நீட்டுமே?’ என்றால் உண்மைதான், ஆளுக்கு ஒரு நேரத்தில் மாற்றிமாற்றி மூச்சு எடுத்து அப்படி நீட்டுவார்கள். அந்த விளைவு வேண்டுமென்றால் நான்கு பகுதிகளுக்கும் மூச்சை வெவ்வேறு இடத்தில் கொடுங்கள்.

இரண்டாவது, மெய்யெழுத்தின் இடம். இது பலருக்கும் தெரியாது. ‘ஸா’ என்று கொயர் பாடும்போது தாளத்தில் விழுவது ‘ஆ’தான், ‘ஸ்’ அதற்கு முன்னரே தொடங்கிவிடும். நீங்கள் நோட்டைச் சரியாக முதல் பீட்டில் வைத்தால் அங்கே ‘ஸ்’ தொடங்கி, ‘ஆ’ தாமதமாக வந்து சேரும், முழுக் கொயரும் தூங்கிவழிந்து பாடுவதுபோல் இருக்கும். நோட்டை 100 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளிப் பாருங்கள். ‘ஸ’, ‘ஷ’வுக்கு இன்னும் அதிகம், ‘ட’, ‘க’வுக்குக் குறைவு. கண்ணை மூடிக் காதால்தான் சரிசெய்ய வேண்டும், கிரிட்டைப் பார்த்து அல்ல.

மூன்றாவது, எல்லோரும் ஒன்றாக ஒரே பக்கம் நகர்வது. வலது கையால் கார்டை அப்படியே தூக்கி அடுத்த இடத்தில் வைத்தால் நான்கு பகுதிகளும் சேர்ந்து குதிக்கும். கீபோர்டுக்காரர் கை செய்யும் வேலை அது, பாடகர் யாரும் அப்படிப் பாட மாட்டார். அருகில் இருக்கும் சுரத்துக்கே ஒவ்வொருவரும் போகட்டும், பொதுவான சுரம் இருந்தால் அசையாமல் நிற்கட்டும், மேலே ஏறும்போது பாஸ் கீழே இறங்கட்டும். நான்கு பகுதியையும் நான்கு டிராக்காகத் தனித்தனியே வாசித்துப் பதிவு செய்தால் இதில் பாதி தானாகவே நடந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு மெட்டாக உங்கள் கையில் வரும். நான் வாசிக்கும் முன் ஒவ்வொரு பகுதியையும் ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பார்த்துவிடுவேன். என் குரல் பற்றிப் பேச வேண்டாம், ஆனால் எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கேதான் இடைவெளி.

நான்காவது, மாட் வீல். அதை ஓரிடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் கொயர் அங்கேயே உறைந்துவிடும். ஒவ்வொரு நீண்ட சுரத்துக்குள்ளும் ஒரு சின்ன ஏற்றமோ இறக்கமோ இருக்கட்டும்.

மிக்ஸிங்கில் என்ன செய்வது?

கொஞ்சமாக. பெண் குரல்களில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாடல் எதுவும் இல்லை, அறையின் உறுமல்தான், வெட்டிவிடலாம். 200 முதல் 400 வரை கலங்கலாக இருந்தால் இரண்டு டெசிபல் குறையுங்கள். பலத்த சோப்ரானோ காதைக் குத்தினால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பாருங்கள். வயலின்களும் கொயரும் ஒரே உயரத்தில் ஒரே மெட்டை வாசித்தால் இப்படி வெட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவும் உதவாது, ஒன்றை எட்டு சுரம் மாற்றி எழுதுங்கள்.

வாங்கிய லைப்ரரியை வைத்துச் செய்த இசையை விற்கலாமா?

பெரும்பாலும் ஆம், இசையாகச் செய்தால். ஒலிகளை அப்படியே எடுத்து வேறொரு சாம்பிள் லைப்ரரியாக விற்கக்கூடாது என்பது ஏறக்குறைய எல்லா உரிமத்திலும் இருக்கும். பதிவிறக்கிய பிறகு பணம் திரும்பக் கிடைப்பதும், உங்கள் உரிமத்தை இன்னொருவருக்கு விற்பதும் பொதுவாக நடக்காது. அதனால்தான் முன்னால் இவ்வளவு நேரம் கேட்கச் சொன்னேன்.

நிஜக் குரலையும் சாம்பிளையும் கலக்கலாமா?

கலக்க வேண்டும் என்றே சொல்வேன். அடுத்த லைப்ரரிக்கு எடுத்துவைத்த காசில் பாடத் தெரிந்த ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு அழையுங்கள். சாம்பிள் சோப்ரானோ என்ன பாடுகிறதோ அதையே அவரை மூன்றுமுறை பாடவைத்துப் பதியுங்கள். ஒருமுறை மைக்குக்கு அருகில், ஒருமுறை இரண்டடி தள்ளி, ஒருமுறை முகத்தைத் திருப்பி. மூன்றையும் இடது, வலது, நடு என்று பரப்பி, சாம்பிளுக்கு அடியில் அரைகுறையாகக் கேட்கும் அளவுக்கு ஏற்றுங்கள்.

வரிகள் இருந்தால் அவர் வரிகளைப் பாடட்டும், சாம்பிள் ‘ஆ’விலேயே இருக்கட்டும். முன்னால் சொன்ன ‘மழை’ அவர் வாயில் மழையாகவே வரும். காது அவருடைய மெய்யெழுத்துகளைப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருக்கும் நாற்பது பேரும் அதையே சொல்வதாக எடுத்துக்கொள்ளும். அவர் மூச்செடுக்கும் சத்தத்தை மட்டும் சுத்தம் செய்கிறேன் என்று அழித்துவிடாதீர்கள்.